படுத்திருப்பவரின் பார்வையில்: வைத்தியசாலைக் கட்டடங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

கட்டடக்கலை பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயில்களிடமே செல்வர். விமானத்தின் தளங்கள் எத்தனை, தூணின் போதிகை எக்காலத்தது, கருவறையின் தரையமைப்பு எவ்வாறு வளர்ந்தது என்பன பற்றி எம்மிடையே நல்ல நூல்கள் உண்டு. கோட்டைகளும் அரண்மனைகளுங்கூட ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் பிறக்கும் இடமும், பலர் இறக்கும் இடமும், எல்லோரும் ஒருமுறையேனும் அச்சத்துடன் நுழையும் இடமுமாகிய வைத்தியசாலையை ஒரு கட்டடமாக, அதாவது சில மனிதர் சில நோக்கங்களோடு ஆக்கிய ஓர் ஆக்கமாக, நோக்கி மதிப்பிடும் வழக்கம் எம்மிடம் இல்லையென்றே கூறவேண்டும். அது சுத்தமானதா, அங்குள்ளோர் அன்பானவரா கடுமையானவரா என்பதோடு எமது விமரிசனம் நின்றுவிடுகிறது. சுவர் எங்கே நிற்கிறது, யன்னல் எந்த உயரத்திலே தொடங்குகிறது, கட்டிலின் தலைப்பக்கம் எந்தச் சுவரைச் சார்ந்துள்ளது என்பனவெல்லாம் இயற்கை நியதிகள் போலக் கேள்விக்கு அப்பாற்பட்டனவாகி விடுகின்றன.

இலக்கிய விமரிசனத்திற் சிறிதளவு பயின்றோர்க்கும் ஒரு கேள்வி பழக்கமானது. இவ்வாக்கம் யாருடைய நிலையில் நின்று நோக்கப்பட்டது? எவருடைய கண் இதிலே தொழிற்படுகிறது? இதே கேள்வியை வைத்தியசாலைக் கட்டடத்திடமுங் கேட்கலாம். வைத்தியர், தாதியர், சிற்றூழியர், பார்க்க வருவோர் ஆகிய யாவரும் அக்கட்டடத்தை நின்றும் நடந்தும் பயன்படுத்துவோர். நோயாளி ஒருவரே அதனைப் படுத்தபடி பயன்படுத்துபவர். நிற்பவருக்கு உட்கூரை ஒரு பொருட்டன்று. படுத்திருப்பவருக்கு அதுவே நாள் முழுவதும் காணும் காட்சி. நடப்பவர் வெளிச்சம் கூசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பாற் செல்வார். படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறொன்றுஞ் செய்ய இயலாது. ஒரு வைத்தியசாலை நோயாளரின் உளநெருக்கீட்டைத் தணிக்கிறதா கூட்டுகிறதா என்பது, அதை ஆக்கியோர் இவ்வாறு படுத்திருப்பவரின் இடத்தில் எவ்வளவு தூரந் தம்மை வைத்துப் பார்த்தனர் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது எமது கருத்து. இதனை நிறுவுதற்குப் பின்லாந்து நாட்டிலுள்ள ஒரு கட்டடத்தைச் சற்று விரிவாகவும், வேறு சிலவற்றைச் சுருக்கமாகவும் நோக்குவோம்.

அதற்குமுன் உளநெருக்கீடு பற்றி ஒரு வார்த்தை. இதனை வெறும் மனக்கவலையென ஒதுக்கிவிடுவோர் உளர். உடல் அவ்வாறு ஒதுக்குவதில்லை. அச்சமும் நிச்சயமின்மையும் நீடிக்குமிடத்து இதயத்துடிப்பு விரைகிறது, குருதியமுக்கம் உயர்கிறது, உறக்கம் கெடுகிறது, கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரந்து நோயெதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்துகிறது. 1995ஆம் ஆண்டு ‘லான்செற்’ மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. மறதிநோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த பெண்கள் ஒருபுறமும், அத்தகைய சுமையற்ற, வயதொத்த பெண்கள் மறுபுறமுமாக வைத்து, இருசாராரின் கையிலும் ஒரேயளவான சிறிய காயம் உண்டாக்கி அது ஆறும் காலத்தை அளந்தனர். பராமரிப்போரின் காயங்கள் ஏனையோரின் காயங்களைவிடச் சராசரியாக 9 நாள்கள் பிந்தியே ஆறின. ஆகவே நோயாளியின் மனநிலை பற்றிப் பேசுவது மருத்துவத்துக்குப் புறம்பான மென்மையுணர்ச்சி என்று எவருங் கூறமுடியாது.

வைத்தியசாலையில் இந்நெருக்கீடு எங்கிருந்து வருகிறது? நோவும் நோய் பற்றிய பயமும் ஒருபுறமிருக்க, தன் கையில் எதுவுமில்லை என்ற உணர்வே அதன் மூலவேர் எனலாம். விளக்கை எப்போது அணைப்பர், கதவு எப்போது திறக்கும், தள்ளுவண்டியின் ஓசை தன்னை நோக்கி வருகிறதா அடுத்த கட்டிலுக்குச் செல்கிறதா என்பன எவையும் நோயாளியின் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. இதனை மிக நுட்பமாக அவதானித்தவர் பிளோரன்ஸ் நைற்றிங்கேல். 1859இல் அவர் எழுதிய ‘தாதிமை பற்றிய குறிப்புகள்’ என்னும் நூலில் ஓசைக்கென ஓர் அத்தியாயம் உண்டு. பெரும் ஓசையைவிட, கதவுக்கு வெளியே வைத்தியரும் உறவினரும் தணிந்த குரலிற் பேசுவதே நோயாளியை அதிகம் வதைக்கும் என்கிறார் அவர். உள்ளே வருவார்களோ என எதிர்பார்த்தும், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ எனச் செவிசாய்த்தும் நோயாளி களைத்துப் போகிறார். கிரிமியப் போர்க்களத்தில் தாமே காய்ச்சலுற்றுப் படுத்திருந்தவர் நைற்றிங்கேல். மரக் குடிசையொன்றில், வெளியே பார்க்க வழியின்றிப் பலகையின் கணுக்களையே பார்த்துக் கிடக்கும் காய்ச்சல் நோயாளரின் அவதியையும், தமக்கு எவரோ அனுப்பிய காட்டுப்பூங்கொத்தினைக் கண்ட வேளையிலிருந்து தமது உடல் விரைந்து தேறியதையும் அந்நூலிற் பதிவு செய்துள்ளார்.

இத்தகையவரின் பெயராலேயே வழங்கும் நோயாளர் விடுதியமைப்பைக் கட்டடமாக நோக்கும்போது ஒரு விசித்திரம் புலனாகும். நீண்ட ஒரு மண்டபம்; இரு பக்கச் சுவர்களிலும் எதிரெதிராக உயர்ந்த யன்னல்கள்; யன்னல்களுக்கிடையே வரிசையாக முப்பது கட்டில்கள் வரை; ஒரு முனையில் தாதியின் இடம். 1871இல் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் திறக்கப்பட்ட சென் தோமஸ் வைத்தியசாலையின் விடுதிகள் இவ்வமைப்பின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். அழுகிய காற்றே நோய்க்குக் காரணம் என்ற, பின்னர் கைவிடப்பட்ட கொள்கையின்மீது இது எழுந்தது. கொள்கை பிழைத்தது, ஆனால் அதன் பேறாக வந்த காற்றும் வெளிச்சமும் நோயாளர்க்கு நன்மையே செய்தன. விசித்திரம் யாதெனில், கட்டில்களின் தலைப்பக்கம் யன்னற் சுவரோடு சார்த்தப்பட்டிருப்பதால் நோயாளிக்குத் தன்னருகே உள்ள யன்னல் தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது எதிர்வரிசைக் கட்டிலிற் கிடக்கும் மற்றொரு நோயாளியும், அவருக்கப்பால் ஒரு துண்டு ஆகாயமுமே. தாதிக்கோ ஒரே பார்வையில் முப்பது கட்டில்களும் தெரியும். காற்றின் வழியையும் தாதியின் கண்ணையும் மையமாகக் கொண்டு வரையப்பட்ட மண்டபம் இது. படுத்திருப்பவரின் கண்ணைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியவரின் விடுதியிலேயே அக்கண்ணுக்கு இரண்டாம் இடந்தான் கிடைத்தது.

இனிப் பின்லாந்துக்குச் செல்வோம். அந்நாட்டின் தென்மேற்கே, தூர்க்கு நகரிலிருந்து அதிக தொலைவில்லாத பைமியோ என்னும் ஊரின் பைன் காட்டினிடையே கசநோயாளர்க்கென ஒரு சனற்றோரியம் 1933இல் திறக்கப்பட்டது. அப்பகுதியின் பல உள்ளூராட்சி மன்றங்கள் கூடிப் பொதுப்பணத்திற் கட்டிய நிலையம் அது. முந்நூறு பேரளவில் தங்கத்தக்கது. 1929இல் முடிவான ஒரு போட்டியில் வென்று இதனை வடிவமைத்தவர் அல்வார் ஆல்ட்டோ (1898–1976). அவருடைய மனைவியும் கட்டடக் கலைஞருமாகிய ஐனோ ஆல்ட்டோவும் உள்ளமைப்பிலும் தளபாடங்களிலும் பங்கு கொண்டார். அக்காலத்திற் கசநோய்க்கு மருந்தில்லை. ஓய்வு, உணவு, தூய காற்று, வெயில் என்பனவே சிகிச்சை. நோயாளர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், படுத்திருந்தனர். எனவே கட்டடமே மருந்தின் இடத்தை வகிக்க வேண்டியதாயிற்று.

பைமியோவின் வெளித்தோற்றத்தைப் பற்றி மேனாட்டார் நிறைய எழுதியுள்ளனர். வெவ்வேறு கோணங்களிற் பிரிந்து செல்லும் அதன் பகுதிகள், வெயிலை நோக்கித் திரும்பிய நோயாளர் அறைகள், வெண்சுவர், நீண்ட திறந்த பலகணிகள் ஆகியன நவீன கட்டடக்கலை வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுவன. எமது விடயத்துக்கு அவை அவ்வளவு முக்கியமல்ல. வெளித்தோற்றம் நிற்பவரின் காட்சி. நிழற்படக்காரரின் காட்சி என்றுங் கூறலாம். பைமியோவின் உண்மையான சாதனை இருவர் தங்கும் ஒரு சிறிய அறைக்குள்ளே இருக்கிறது.

1940இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆல்ட்டோ இதனை விளக்கியுள்ளார். சாதாரண அறை நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கானது. நோயாளியின் அறை கிடையாகப் படுத்திருக்கும் மனிதனுக்கானது என்பதே அவருடைய தொடக்கப்புள்ளி. இவ்வேலை கிடைத்த காலத்திற் தாமும் நோயுற்றுப் படுத்திருந்ததாக அவர் கூறியதுண்டு. இக்கூற்றினின்று அவர் பெற்ற முடிவுகளே கவனத்துக்குரியன. சுவர்களைவிட உட்கூரைக்கு ஆழ்ந்த, கண்ணுக்கு இதமான நிறம் தீட்டப்பட்டது; மல்லாந்து கிடப்பவரின் கண் வெண்மையிற் கூசலாகாது. விளக்கு நோயாளியின் பார்வையெல்லைக்குப் புறத்தே வைக்கப்பட்டது. வெப்பமூட்டும் தகடு உட்கூரையிற் பொருத்தப்பட்டு, வெப்பம் தலையில் விழாது காலை நோக்கிச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. யன்னல் இரட்டைக் கண்ணாடி கொண்டது. வெளிக்காற்று இரு கண்ணாடிகளுக்குமிடையே சாய்வாகப் பயணஞ்செய்து குளிர் தணிந்தபின்னரே அறையினுள் வரும். அந்நாட்டுக் குளிரில் யன்னலைத் திறந்தால் ஒருவருக்குத் தேவையான காற்று மற்றவருக்குத் துன்பமாகும் அன்றோ? யன்னலின் அடிவிளிம்பும் தாழ்த்தப்பட்டுள்ளது. கட்டிலிற் கிடப்பவர்க்கும் காடு தெரியும்.

இவற்றுள்ளே எம்மை மிகவும் கவர்வது கைகழுவும் பேசின். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே ஒன்று. குழாய்நீர் பேசினின் சுவரிற் சாய்வான கோணத்திற் பட்டு ஓசையின்றி வழிந்தோடுமாறு அதன் வடிவம் அமைந்தது. நள்ளிரவில் ஒருவர் எழுந்து இருமி, துப்பி, வாய் கொப்பளிக்கும்போது மற்றவரின் உறக்கம் கலையக்கூடாது. கசநோயாளரிடையே இது எவ்வளவு முக்கியமான விடயம் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். விழித்துக்கொள்பவர் துன்புறுவது ஒருபுறம். விழிக்கச் செய்தவர் தம் நோயால் பிறருக்கு இடைஞ்சல் என்று கூசிக் குறுகுவது மற்றொருபுறம். அக்கூச்சமும் உளநெருக்கீடே. அதனை உபதேசத்தாலோ ஆறுதல் வார்த்தையாலோ தீர்க்க முயலாது, பீங்கானின் வளைவினால் தீர்த்திருக்கிறார்கள். ஒரு நல்ல சிறுகதையில் தேர்ந்த ஒற்றைச் சொல் செய்யும் வேலையை இவ்வளைவு செய்கிறது.

ஆனால் பைமியோவில் உள்ளன யாவும் பரிவிலிருந்தே பிறந்தன என்று கொள்வது மிகை. சுவரிலிருந்து எழுந்து நிற்கும் ஒட்டுப்பலகை அலுமாரிகள் அடியிற் கூட்டித் துடைப்பதற்கானவை. வைத்தியரின் மேலங்கிக் கை கொளுவிக்கொள்ளாதவாறு வளைந்த கதவுக் கைப்பிடி வைத்தியரின் வசதிக்கானது. சுகாதாரமும் நிர்வாகமும் பரிவும் இங்கே ஒன்றோடொன்று பின்னியுள்ளன. மாடிப்படிகளின் தரை மஞ்சள் நிறமானது. நீண்ட மாரியில் வெயிலின்றி வாடும் நாட்டில் அது வெயிலின் நினைவு என்று கூறுவர். இருக்கலாம். அவ்விளக்கம் எம்மை அவ்வளவாகக் கவரவில்லை. பேசினின் ஓசையின்மை பற்றி எவரும் அவ்வாறு கவிதை பேசவேண்டியதில்லை.

பைமியோவோடு ஒப்பிடத்தக்க மற்றொரு கற்பனை உண்டு, அது கட்டப்படவேயில்லை. வெனிஸ் நகரின் ஓரத்தில், கடற்கழியை ஒட்டி, ஏறத்தாழ 1200 கட்டில்கள் கொண்ட ஒரு வைத்தியசாலையை லெ கோர்பூசியே தமது இறுதி ஆண்டுகளில் வரைந்தார். 1965இல் அவர் காலமானார். அவருக்குப் பின் உதவியாளர் முயன்றும் திட்டம் கைவிடப்பட்டது. அதில் நோயாளர் யாவரும் மேல்தளத்திற் தங்குவர். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிச் சிற்றறை. அச்சிற்றறைக்குப் பக்க யன்னல் இல்லை. வெளிச்சம் உச்சியிலிருந்து மறைமுகமாக, வளைந்த உட்கூரையில் பட்டு இறங்கும். லெ கோர்பூசியேயும் படுத்திருப்பவரை நினைத்தே இவ்வாறு வரைந்தார் என்பதில் ஐயமில்லை. படுத்திருப்பவர் காண்பது உட்கூரையே. ஆகவே உட்கூரையே அவரது உலகமாகட்டும் என்பது அவர் தர்க்கம். எழுந்து நடமாடத் தொடங்கியோர் வெனிஸின் சந்துகளையும் சிறு சதுக்கங்களையும் ஒத்த வழிகளிற் பிறரைச் சந்திப்பர்.

இரு கலைஞரும் ஒரே வினாவிலிருந்தே புறப்பட்டனர். எங்கே பிரிந்தனர்? ஆல்ட்டோ, நோயாளி எதனாற் தொல்லைப்படுவார் என்று கேட்டு அத்தொல்லையை ஒவ்வொன்றாக நீக்கினார். எங்கே பார்ப்பது என்பதை நோயாளியின் விருப்பத்துக்கு விட்டார். லெ கோர்பூசியே, நோயாளி எதனைக் காணவேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்தார். அமைதி வழங்கப்பட்டது, தெரிவு பறிக்கப்பட்டது. யன்னல் உள்ள அறையிலே கண்ணை மூடிக்கொள்ளலாம். யன்னல் இல்லாத அறையிலே நோயாளிக்கு அவ்வாறு மறுதலை செய்ய வழியில்லை. தன் கையில் எதுவுமில்லை என்ற உணர்வே நெருக்கீட்டின் வேர் என்று மேலே கூறினோம். அழகிய வரைபடமும் அவ்வுணர்வை வளர்க்கக்கூடும் என்பதற்கு வெனிஸ் திட்டம் சான்று. அது கட்டப்படாமற் போனமை கட்டடக்கலைக்கு இழப்பென வருந்துவோர் பலர். நோயாளர் சார்பில் நின்று வருந்த எம்மால் இயலவில்லை.

இவையெல்லாம் கலைஞரின் ஊகங்கள்தாமே, சான்று எங்கே என்று கேட்போருக்கு ரொஜர் அல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய சிறிய கட்டுரை விடையாக அமைந்தது. பென்சில்வேனியாவில் உள்ள ஒரு வைத்தியசாலையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அகற்றுஞ் சத்திரசிகிச்சை பெற்றோரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். அவ்விடுதியின் சில அறைகளின் யன்னல் மரக்கூட்டத்தை நோக்கியது. ஏனையவற்றின் யன்னல் கபில நிறச் செங்கற் சுவரொன்றை நோக்கியது. மற்றபடி அறைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. பால், வயது, புகைத்தற் பழக்கம் முதலியவற்றில் ஒத்தவராக 23 இணைகளைத் தெரிந்து ஒப்பிட்டபோது, மரத்தைக் கண்டோர் சத்திரசிகிச்சைக்குப் பின் சராசரி 7.96 நாள்களில் வீடு சென்றனர். சுவரைக் கண்டோர் 8.70 நாள்களில். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை மரத்தைக் கண்டோருக்கு வீரியமிக்க நோவுநீக்கி மருந்துகள் குறைவாகவே தேவைப்பட்டன. அழுகிறார், மனந்தளர்ந்துள்ளார் என்றவாறான தாதியரின் குறிப்புகளும் அவர்கள் பற்றிக் குறைவு.

இக்கட்டுரை இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. காட்டுவோர் பலர் அதன் இறுதிப் பகுதியை வாசித்ததாகத் தெரியவில்லை. தாம் ஒப்பிட்டது சலிப்பூட்டும் ஒரு சுவரோடு மட்டுமே என்றும், ஆகவே மனிதர் கட்டிய காட்சிகள் எல்லாவற்றுக்கும் இம்முடிவைப் பொருத்தலாகாது என்றும் அல்ரிச்சே எச்சரிக்கிறார். நெடுங்காலம் சலித்துக் கிடக்கும் நோயாளிக்கு மரத்தைவிடச் சந்தடிமிக்க ஒரு தெருவே மேலானதாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார். இந்த எச்சரிக்கை எமக்கு அருமையானதாகப் படுகிறது. ஏனெனில் ‘குணமாக்கும் கட்டடம்’ என்ற சுலோகத்தோடு இன்று விற்கப்படுவது பெரும்பாலும் வாயில் மண்டபத்து நீரூற்றும், தொட்டிச் செடிகளும், நட்சத்திர ஹோட்டலை ஒத்த பளிங்குத் தரையுமே. அவை உள்ளே வருபவர் நின்றபடி காண்பதற்கானவை. கட்டணம் செலுத்துபவரின் கண்ணுக்கானவை என்பது இன்னும் பொருந்தும். அல்ரிச் பின்னர் 1991இல், நோயாளர்க்கு ஆதரவான கட்டடம் மூன்றைத் தரவேண்டும் என்று வகுத்தார்: தன் சூழலைத் தானே ஆளும் உணர்வு, பிறரின் துணை, மனத்தைத் திசைதிருப்பும் நல்ல காட்சிகள். மூன்றாவதை மட்டும் வணிகர் எடுத்துக்கொண்டனர். முதலிரண்டையும் விற்பது கடினம் போலும்.

கட்டில் மட்டுமன்றிக் காத்திருக்கும் இடமும் நோயாளியின் இடமே. ஸ்கொத்லாந்தில் வாழ்ந்த மாகி கெசுவிக் ஜெங்ஸ் என்பவர், தமது புற்றுநோய் மீண்டும் வந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டபின் யன்னலில்லாத ஒரு நடைவழியில் அமர்ந்து அதனைத் தாங்கவேண்டியவரானார். அவர் 1995இற் காலமானார். அவர் முன்னின்று திட்டமிட்ட முதல் நிலையம் 1996இல் எடின்பரோவில் திறக்கப்பட்டது. சமையலறை மேசையும் தோட்டமுங் கொண்ட வீடு போன்ற சிறு கட்டடம் அது. அங்கே சிகிச்சை இல்லை. இருக்க ஓர் இடம் உண்டு. இன்று அவர் பெயரில் அத்தகைய நிலையங்கள் பல இயங்குகின்றன. அவற்றுட் சில பேர்பெற்ற கட்டடக் கலைஞரின் காட்சிப்பொருள்களாகிவிட்டன என்ற குறை இருப்பினும், முதலில் எழுந்த வினா நேர்மையானது: பேரிடியான செய்தியைக் கேட்டவர் அடுத்த பத்து நிமிடம் எங்கே இருப்பார்?

பைமியோவைப் புகழ்ந்தபின் அதன் எல்லையையுங் கூறவேண்டும். கட்டடம் கசநோயை மாற்றவில்லை. 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து பிற மருந்துகளும் வந்த பின்னரே நோய் கட்டுப்பட்டது. பைமியோவின் திறந்த பலகணிகள் 1960களில் அடைக்கப்பட்டன. அது பொது வைத்தியசாலையாக மாறி, இன்று வைத்தியசாலையாகவும் இல்லை. மேலும், எவ்வளவு மென்மையான அறையாயினும் நோயாளரின் நாள் மணிக்கணக்கிற் பிறரால் வகுக்கப்பட்டதே. பலகணியிற் படுக்கும் வேளையை அவர்கள் தெரிவு செய்யவில்லை. நோயாளர் இலகுவாகச் சுவாசிப்பதற்கேற்ற சாய்வோடு வளைந்த பலகையிற் செய்யப்பட்ட பைமியோ நாற்காலி இப்போது உயர்ந்த விலைக்கு விற்கப்படும் அழகுப் பொருள், அருங்காட்சியகங்களிலும் உண்டு. கூலித் தொழிலாளியும் அமர்ந்து இருமிய நாற்காலி வசதிபடைத்தோரின் வரவேற்பறைக்குச் சென்ற வரலாறு தனியே எழுதத்தக்கது.

இவை எம் நாட்டுக்கு எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழுவது இயல்பே. இலங்கையில் நோயாளரின் காட்சி பற்றிய சிந்தனை மேற்கிலிருந்து வந்த புதுமையன்று. மிகிந்தலையில் அகழ்ந்து கண்ட ஒன்பதாம் நூற்றாண்டு மடாலய வைத்தியசாலையில், சிற்றறைகள் நான்கு புறமுஞ் சூழ நடுவே திறந்த முற்றமும், அம்முற்றத்தின் மத்தியிற் சிறிய வழிபாட்டிடமும் இருந்தன. அறையின் வாசலிலிருந்து பார்த்தால் வானமும் வணக்கத்துக்குரிய உருவும் தெரிந்திருக்கும். கட்டியோரின் எண்ணம் அதுவேயென உறுதிகூற முடியாதெனினும், கற்கள் நிற்கும் முறை அதற்கு இடந்தருகிறது.

எமது அரசாங்க வைத்தியசாலைகளின் பழைய விடுதிகள் பல, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நைற்றிங்கேல் அமைப்பினை ஒட்டி எழுந்தவை. இலவச மருத்துவம் வழங்கும் நாட்டில், கட்டில்களைவிட நோயாளர் மிகுந்த விடுதிகளைப் பற்றிப் பேசும்போது யன்னலையும் மரத்தையும் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் கூறுவர். பைமியோ செல்வரின் மாளிகையன்று என்பதை அவர்கள் மனங்கொள்ள வேண்டும். பைமியோவை இங்கு அப்படியே பெயர்த்து வைப்பதும் பேதைமையே. பின்லாந்தின் யன்னல் வெயிலைத் தேடுவது. எமது யன்னல் பிற்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டியது. பழைய விடுதிகளைச் சூழ்ந்த விறாந்தை அதனை அறிந்து கட்டப்பட்டது. வெயில் அதிற் தங்கிவிட, காற்று உள்ளே செல்லும்; தேறிவரும் நோயாளர் அங்கே வந்திருப்பர். இன்று எழும் அடுக்குமாடிகளில் விறாந்தையை நீக்கி, திறக்கமுடியாத கண்ணாடியும் குளிரூட்டியும் வைப்பது முன்னேற்றமெனக் கருதப்படுகிறது. தனியறையும் எல்லோருக்கும் ஆறுதல் தருவதன்று. எதிர்க்கட்டிலில் உள்ளவர் எழுந்து நடப்பதைக் கண்டு தெம்பு கொள்வோரும், இரவில் அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டால் பயந் தெளிவோரும் எம்மவரிற் பலர். பொது விடுதியின் துணையைக் காத்துக்கொண்டே அதன் கூச்சத்தை நீக்க ஒரு திரைச்சீலை போதுமாயிருக்கும். அத்திரையை இழுக்கும் கயிறு நோயாளியின் கைக்கு எட்டவேண்டும்.

படுத்திருந்து மேலே நோக்கினால் எமது விடுதிகளிற் தெரிவது மின்விசிறியும், கட்டிலுக்கு நேர்மேலே எரியும் குழல்விளக்குமே. அவ்விளக்கை இரண்டு முழம் நகர்த்துவதற்குப் பெருஞ்செலவில்லை. அது கண்ணை உறுத்துகிறது என்பது, வரைபடத்தை மேசையில் விரித்து மேலிருந்து நோக்குபவருக்குத் தெரியாது.

இன்னொருவரைப் பைமியோவும் வெனிஸும் நைற்றிங்கேலும் அதிகம் எண்ணவில்லை. எமது நாட்டில் நோயாளி தனியே வருவதில்லை. தாயோ, தமக்கையோ, மனைவியோ பக்கத்தில் நிற்பார். கஞ்சி பருக்குவார், விசிறுவார், மருந்துத் துண்டோடு ஓடுவார். அல்ரிச் கூறிய துணை என்பது எமது விடுதிகளில் இவரே. ‘லான்செற்’ ஆய்விற் காயம் பிந்தி ஆறியதும் இத்தகையவர்க்கே. இவருக்கென எந்த வரைபடத்திலும் ஒரு கோடு இழுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கட்டிலுக்கு ஓர் இலக்கம் உண்டு. அலுமாரிக்கு ஓர் இலக்கம் உண்டு. இரவில் இவர் எங்கே சாய்வார் என்பதற்கு விடை, விடியற்காலையிற் கட்டிலுக்கடியிற் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் பாயிலேதான் இருக்கிறது.